உதகையில் ஓர் உறைபனிக் காலை... வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது?

சென்னையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே ‘என்னா குளிரு!’ என்று மஃப்ளரைத் தேடுகிறோம். உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் வெப்பமே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். உறைபனி விழும் நாள்களில் நகருக்குள் 2, 3 டிகிரி. தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் பூஜ்ஜியத்தையும் தொடும்.

வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கும் புல்வெளி, சுற்றுலா வந்தவர்களுக்கு ஒரு செல்ஃபி. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அது ஒரு வேலை நாள். இருட்டோடு எழுந்து பால் காய்ச்ச வேண்டும், பிள்ளைகளைக் குளிக்கவைத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், வயதானவர்களை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டும். தரையில் கால் வைத்தாலே ஊசி குத்துவது போல இருக்கும்.

மேலைநாடுகளில் இப்படிக் குளிர்ந்தால் வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி இருக்கும். நம் மலை ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் அது கிடையாது. ஒற்றைச் செங்கல் சுவர், கான்கிரீட் அல்லது தகரக் கூரை, சந்து விட்ட ஜன்னல் என்று சமவெளி வீட்டைப் போலவேதான் கட்டியிருக்கிறோம். அதனால் அறையைச் சூடாக்கப் போராடுவதைவிட, ஆளைச் சூடாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தலைமுறைகளாக மலையில் வாழ்பவர்கள் செய்வது அதைத்தான். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை வாசகர்களுக்கும், விடுமுறைக்கு அங்கே போய்த் தங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வானம் தெளிந்தால் ஜாக்கிரதை!

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்க்க வியர்க்கப் பேருந்து ஏறியவர், உதகையில் இறங்கும்போது நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், உறைபனிக்கு உயரம் மட்டும் போதாது. பகலில் வாங்கிய சூட்டை பூமி இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வை போலச் சூட்டைத் தடுத்து நிறுத்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் போர்வை விலகிவிட்டது என்று அர்த்தம். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கும் வீட்டில் குளிர் அதிகம்.

இன்னொரு விஷயம். செய்தியில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் அளந்தது. அங்கே 3 டிகிரி இருக்கும்போதே, கீழே புல் உறைந்துபோய் இருக்கலாம். ‘3 டிகிரிதானே’ என்று தொட்டிச் செடிகளை வெளியே விட்டால் காலையில் கருகி நிற்கும். சாயங்காலம் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால், அன்று இரவே சாக்கோ பழைய துணியோ போட்டு மூடிவிடுங்கள். உதகை தாவரவியல் பூங்காவிலும் மலர்ச் செடிகளை ‘கோத்தகிரி மிலார்’ செடிகளால் மூடித்தான் காப்பாற்றுகிறார்கள்.

அதிகாலை 4 மணி: படுக்கையில்

கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் குளிர்கிறதா? குளிர் கீழேயிருந்து வருகிறது. உடம்பின் பாரத்தில் மெத்தை அழுந்திவிடுவதால், தரையின் குளிர் முதுகில் ஏறும். மேலே போர்த்துவதில் ஒன்றை எடுத்துக் கீழே விரித்துப் பாருங்கள். தரையில் படுப்பவர்கள் பாய்க்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

உண்மையில் கம்பளி சூடு கொடுப்பதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. எனவே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய ஸ்வெட்டர்கள் மேல். நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த அந்தப் போர்வை இரட்டையாக இருக்கும். தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அழகுக்காக அதைப் பேசுகிறோம். மலைக்குளிருக்கு அந்த இரட்டைத் துணி எவ்வளவு பொருத்தம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறீர்களா? கொதிக்கும் நீர் வேண்டாம்; முக்கால் பை போதும்; மூடும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள்; துணியில் சுற்றி வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் காலடியில் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், அந்தப் புண் ஆறுவதும் கஷ்டம். அவர்களுக்கு சாக்ஸ்தான் நல்லது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முகத்தின் மேல் கம்பளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் பை வேண்டாம். தலைக்குக் குல்லா, கால்களுக்கு சாக்ஸ் போட்டு, விழித்திருக்கும்போது அம்மாவின் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த ஹீட்டர் இல்லை.

கரி அடுப்பு என்னும் எமன்

குளிர் தாங்காமல் எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்று உண்டு. ‘ஒரு சட்டியில் கொஞ்சம் கரியைப் போட்டு அறைக்குள் வைத்தால் என்ன?’ கதவு, ஜன்னலை மூடிவிட்டு அதை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி, மலை ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. கோழி வாட்டிச் சாப்பிட்ட அடுப்பை, ‘கதகதப்பாக இருக்கட்டும்’ என்று அறைக்குள் எடுத்துவைத்தவர்களும் உண்டு. தோட்ட வேலைக்கு வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியவர்களும் உண்டு.

நெருப்பு பிடித்து அவர்கள் சாகவில்லை. மூச்சுத் திணறி இருமி எழுந்திருக்கவும் இல்லை. காரணம் கார்பன் மோனாக்ஸைடு. காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பிலும் இந்த வாயு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்; அதில் ஆக்சிஜன் இருக்காது.

‘புகை எல்லாம் போய்விட்டது, வெறும் கங்குதான் இருக்கிறது’ என்பதில்தான் ஆபத்தே. புகை இருந்தாலாவது எழுந்து வெளியே ஓடுவோம். சிவந்து கனியும் கரியில் புகை தெரியாது, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, தூக்கம் என்று இது வரும். தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரை தேடாதீர்கள். உடனே எல்லோரும் திறந்தவெளிக்கு வந்துவிடுங்கள். யாராவது மயங்கியிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு, ஜன்னலைத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போவது அவசியம்.

‘அந்தக் காலத்தில் வீட்டுக்குள்தானே நெருப்பு மூட்டினார்கள்?’ என்று கேட்கலாம். உண்மைதான். தோடர்களின் பழைய வீடு, பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருக்கும். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும், அவ்வளவு சின்ன வாசல். அதற்குள்ளேயே அடுப்பும் எரிந்தது. ஆனால், கூரை புல்லால் வேய்ந்தது. புகை புல் இடுக்கு வழியே கசிந்து வெளியே போய்விடும். ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் கணப்பு உண்டு. அதற்கு மேலே நேராக வானத்தைப் பார்க்கும் புகைபோக்கியும் உண்டு. நம் கான்கிரீட் அறையில் புல்லும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, புகை போகும் வழியை விட்டுவிட்டோம்.

நெருப்புக் காய வேண்டுமென்றால் வாசலில் காயுங்கள். படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதை வெளியே பொருத்தி, வெந்நீரைக் குழாயில் உள்ளே கொண்டுவருவதுதான் பாதுகாப்பு.

மின்சார ரூம் ஹீட்டரில் இந்த வாயுத் தொல்லை இல்லை. ஆனால் 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதைத் தாங்காது, சுவரில் இருக்கும் பவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். ஈரத் துணியை அதன் மேல் உலர்த்தாதீர்கள், கம்பளி அருகில் வேண்டாம். படுக்கும் முன் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

5 மணி: சமையலறையில்

தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகியிருக்கும். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். முதல் நாளே கொஞ்சம் அகன்ற வாய் டப்பாவில் எடுத்துவைத்தால் ஸ்பூனால் சுரண்டிக்கொள்ளலாம். நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் உறையாது, தாளிக்க அதுவே வசதி.

இட்லி மாவு பொங்கவே பொங்காது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, மாவுப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக் கம்பளியால் சுற்றுங்கள். தயிருக்குப் பாலைச் சற்றுச் சூடாகவே உறை ஊற்றி ஹாட் பாக்ஸில் வைத்து மூடலாம். அப்படியும் மாவு பொங்கவில்லையா? இருக்கவே இருக்கிறது ரவா உப்புமா.

உதகையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. சமவெளியிலிருந்து வந்து குடியேறும் புதுக் குடித்தனக்காரர்கள் மளிகைக்கடைக்காரரைச் சந்தேகப்படுவது இதனால்தான்! இரவே ஊறவைத்து, குக்கரில் ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் பிரச்னை தீர்ந்தது.

சிலிண்டரில் கேஸ் இருந்தும் அடுப்பு மந்தமாக எரிகிறதா? உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக மாறச் சூடு தேவை. கடுங்குளிரில், அதுவும் சிலிண்டர் தீரும் நேரத்தில், அது மெதுவாகத்தான் ஆவியாகும். இதற்காகச் சிலிண்டரைக் கொதிநீரில் வைப்பதோ, பக்கத்தில் நெருப்பு வைப்பதோ கூடவே கூடாது. ஈரத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் நிமிர்த்தி வைத்து, பொறுமையாக இருங்கள்.

சுக்கு மல்லிக் காபி, மிளகு ரசம், ராகிக் கஞ்சி எல்லாமே தொண்டைக்கு இதம். ஆனால் சூடான பானத்தின் கதகதப்பு கொஞ்ச நேரம்தான். வயிற்றில் உணவு இருந்தால்தான் உடம்பு தொடர்ந்து சூட்டை உண்டாக்கும். அதனால் குளிர் நாளில் காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள். ‘ஒரு கட்டிங் போட்டால் குளிர் தெரியாது’ என்பது பெரிய பொய். மது, தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கும். ரத்தம் தோலுக்கு வருவதால் சூடு போலத் தெரியும். உண்மையில் உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

6 மணி: பெரியவர்களைக் கவனியுங்கள்

குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு இது. அதே நேரம், சுருங்கிய குழாய்களில் ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். ரத்த அழுத்தமும் ஏறும். பொதுவாகவே மாரடைப்பு அதிகம் வரும் நேரம் காலைப் பொழுதுதான். இரண்டும் சேரும்போது, ஏற்கெனவே இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்பாவோ மாமியாரோ விழித்ததும் விருட்டென்று எழ வேண்டாம். போர்வைக்குள்ளேயே கை கால்களை நீட்டி மடக்கி, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, சாக்ஸ், குல்லா, ஸ்வெட்டர் போட்ட பிறகு எழட்டும். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும். இருட்டில், வழுக்கும் தரையில் நடப்பதால் விழும் ஆபத்து அதிகம். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும், வழுக்காத செருப்பும் இருக்கட்டும். ‘அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே’ என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். தலைமாட்டில் ஃப்ளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் வைத்து, அவ்வப்போது குடிக்கச் சொல்லுங்கள்.

விடியற்காலை வாக்கிங், கோயில், குளியல் எல்லாவற்றையும் வெயில் வந்த பிறகு வைத்துக்கொண்டால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. குளிக்கக் கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். மாற்றுத் துணியைக் குளியலறைக்கே கொண்டுபோய், அங்கேயே துவட்டி உடுத்திக்கொண்டு வரட்டும்.

நடுக்கம் நல்லதுதான்; தசைகள் ஆடிச் சூட்டை உண்டாக்குகின்றன. நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தடுமாறி, தூங்கி வழிந்தால்தான் பயப்பட வேண்டும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போயிருக்கலாம். ஈரத் துணியைக் களைந்து, தலையோடு சேர்த்துக் கம்பளியால் போர்த்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிரிலும் வியர்வை என்றாலும் அப்படித்தான். ‘வாயுப் பிடிப்பு’ என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

பிள்ளைகளின் கை கால் விரல்கள் சிவந்து வீங்கி அரித்தால், அடுப்பில் காட்டிச் சூடேற்றாதீர்கள். உலர்ந்த கையுறை, சாக்ஸ் போட்டு மெல்ல மெல்லச் சூடாகவிடுங்கள். ஈர சாக்ஸோடு பள்ளிக்கு அனுப்புவதைவிட, பழைய சாக்ஸ் எவ்வளவோ மேல்.

விடிந்த பிறகும் அவசரம் வேண்டாம்

இரவு முழுவதும் பூமி சூட்டை இழந்துகொண்டே வருவதால், பெரும்பாலும் மிகக் குளிரான நேரம் சூரியன் உதிக்கும் பொழுதுதான். வெளிச்சம் வந்ததும் குளிர் போய்விட்டது என்று நினைத்து ஸ்வெட்டரைக் கழற்றினால் வம்பு. வெயில் வாசலுக்கு வந்து, புல்லின் வெள்ளை கரைந்து ஈரமாகும் வரை பொறுங்கள். பிறகு கிழக்குப் பக்கத் திரைகளை எல்லாம் விலக்குங்கள். கண்ணாடி வழியே வரும் வெயில், காசில்லாத ஹீட்டர். கம்பளிகளை வெயிலில் உதறிப் போடுங்கள். மாலை 4 மணிக்குள் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால் அந்தச் சூடு கொஞ்ச நேரம் கூட நிற்கும். ஈரப்பதம் இறங்கிய கம்பளி, அன்றிரவு எத்தனை போர்த்தினாலும் உதவாது.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மலையில் பிப்ரவரி வரைக்கும் இந்தக் காலைகள் தொடரும். அதுவரை, வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும் நாம் இன்னொன்றும் செய்யலாம். தெருவில் தனியாக வசிக்கும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், 8 மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு போய்க் கதவைத் தட்டுங்கள். வேலைக்கு வந்து பக்கத்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களிடம், ‘ராத்திரி கரி மூட்டிப் படுக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு, உபயோகிக்காமல் பீரோவில் கிடக்கும் கம்பளி ஒன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.